வாசகர் கேள்வி – பதில்: மூன்று மணி நேரம் தனியாகப் பேசுகிறவர்

சென்ற இதழில் ஈரோட்டு வாசகர் ஒருவரின் கேள்விக்கு இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். ஒஹாயோவில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்த அவர், பக்கத்து வீட்டுக்காரர் தம் கார் கொட்டகையில் மரவேலை செய்தபடியே தினமும் நடுப்பகலில் ஒரு வானொலி நிகழ்ச்சியைக் கேட்பதையும், அதில் பேசுகிறவர் மணிக்கணக்கில் சிரிப்பதும் அங்கலாய்ப்பதும் யாரையோ கிண்டல் செய்வதுமாக இருப்பதையும் கவனித்துவிட்டு, "இது செய்தியா, நாடகமா, கட்சிப் பிரச்சாரமா?" என்று கேட்டிருந்தார். "அதன் பெயர் பேச்சு வானொலி; அது அந்நாட்டுப் பழமைவாதிகளின் கோட்டை" என்று நான் எழுதியது யாருக்கும் போதவில்லை என்பது வந்து குவிந்திருக்கும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. பதினோரு ஆண்டுகள் சின்சினாட்டிக்கு அருகில் குடியிருந்து, வேலைக்குப் போகவும் வரவும் காரில் செலவான நேரமெல்லாம் இந்தப் பேச்சுகளைக் கேட்டவன் என்ற முறையில், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். அரசியலில் நான் அவர்கள் பக்கத்தவன் அல்லன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஈரோட்டு வாசகர் கேட்டதையே திரும்பக் கேட்கிறேன்: அது செய்தியா, நாடகமா, பிரச்சாரமா? (வாசகி, கோயம்புத்தூர்)

மூன்றும் அதில் உண்டு. ஆனால் அந்த மரவேலைக்காரர் இந்த மூன்றில் எதற்காகவும் வானொலியைத் திறப்பதில்லை என்பது என் கணிப்பு. கை வேலையில் இருக்கும்போது கூட ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் தன்னைப் போலவே எரிச்சல்படுவதாகவும் இருந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது.

இந்த வடிவத்தை நிலைநிறுத்தியவர் ரஷ் லிம்பா. மிசௌரி மாநிலத்தின் கேப் ஜிரார்டோ என்ற ஊரில் 1951-இல் பிறந்த அவர், இளமையில் இசைத்தட்டுப் போடும் அறிவிப்பாளராக இருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை வேலை இழந்தவர். 1984-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் கேஎஃப்பிகே என்ற நிலையத்தில் பேசத் தொடங்கிப் பெயர் பெற்று, 1988 ஆகஸ்ட் 1 முதல் நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதற்குமாகப் பேசினார். பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை அவருடைய நேரம். விருந்தினரை அவர் அபூர்வமாகவே அழைத்தார். ஒலிவாங்கிக்கு முன் செய்தித்தாள் நறுக்குகளைச் சலசலக்க வைத்து, மேசையைத் தட்டி, தன்னையே ஏகத்துக்கும் புகழ்ந்துகொண்டு, அந்தப் புகழ்ச்சியைத் தானே கிண்டலும் செய்துகொண்டு நேரத்தை நிரப்பினார். அழைக்கும் நேயர்கள் புகழுரையில் நிமிடங்களை வீணாக்காமல் "டிட்டோ" என்று ஒரே சொல்லில் வணக்கம் வைத்துவிட்டு விஷயத்துக்கு வருவது வழக்கமாகி, அவருடைய ரசிகர்களுக்கே "டிட்டோஹெட்ஸ்" என்ற பெயர் நிலைத்தது. உச்ச காலத்தில் 600-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அவரை ஒலிபரப்பின. 2001-இல் அவருக்கு ஏறக்குறைய முழுமையாகக் காது கேட்காமல் போனது; நேயர் சொல்வதை உதவியாளர்கள் தட்டச்சு செய்ய, அதைத் திரையில் படித்துப் பதில் சொல்லியபடி, காதில் கருவி பொருத்தும்வரை நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தினார். அவருடைய கருத்துகளில் எனக்கு உடன்பாடானவை மிகச் சில என்றாலும், அந்தச் சில மாதங்களை நினைத்தால் இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஒரு மணி நேரத்தின் அமைப்பைக் கேட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மணி அடித்ததும் செய்தி, பிறகு தொகுப்பாளரின் நீண்ட தனியுரை, பிறகு விளம்பரம், பிறகு நேயர் அழைப்புகள், மறுபடியும் விளம்பரம். மணி நேரத்தில் ஏறத்தாழ கால்பங்கை விளம்பரங்களே எடுத்துக்கொள்கின்றன. அவற்றில் பலவற்றைத் தொகுப்பாளரே தம் குரலில் படிப்பார். வாஷிங்டன் கடன்மேல் கடன் வாங்குகிறது, டாலர் காகிதமாகப் போகிறது என்று பத்து நிமிடம் பொருமிவிட்டு, மூச்சு விடாமல் அதே குரலில், "ஆகவேதான் நான் தங்கத்தை நம்புகிறேன்" என்று ஒரு நாணய வணிக நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைச் சொல்லுவார். கருத்து எங்கே முடிந்தது, வணிகம் எங்கே தொடங்கியது என்று தையலைத் தேடிப் பார்த்தாலும் தெரியாது. முதல் ஆண்டில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தத் தையல் எந்த நொடியில் வரும் என்று கணிப்பதே என் பொழுதுபோக்காகிவிட்டது.

லிம்பா 2021 பிப்ரவரி 17-இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தபின், அதே ஆண்டு ஜூனில் அவருடைய நேரத்துக்கு வந்தவர்கள் இருவர்: சட்டம் படித்து விளையாட்டு விமர்சகராகப் பேர் பெற்ற கிளே டிராவிஸ், சிஐஏவில் ஆய்வாளராகப் பணியாற்றிய பக் செக்ஸ்டன். ஒருவரின் தனியுரை இருந்த இடத்தில் இருவரின் உரையாடல் வந்தது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் முடித்துவைக்கும் அந்தக் கேலிப்பேச்சு காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே பக்கம் என்பதால், நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் ஒரு அணியை மட்டும் மேடையேற்றி, நடுவர் நாற்காலியையும் அந்த அணியிடமே கொடுத்துவிட்டது போன்ற உணர்வு அவ்வப்போது எழும்.

ஒரு கருத்தைச் சொன்னால் எதிர்க்கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இருந்ததாகப் படித்தேன். அது என்ன ஆனது? (சட்டக்கல்லூரி மாணவர், மதுரை)

இருந்தது. சட்டமன்றம் இயற்றிய சட்டமாக இல்லாமல், ஒலிபரப்பு உரிமம் வழங்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் கொள்கையாக அது 1949-இல் உருப்பெற்றது. நியாயக் கோட்பாடு என்று அதைச் சொல்லலாம். அலைவரிசைகள் எண்ணிக்கையில் குறைவு, அவை பொதுச்சொத்து, எனவே உரிமம் பெற்றவர் பொதுமக்களைப் பாதிக்கும் சர்ச்சைகளைப் பற்றிப் பேசவும் வேண்டும், மாறுபட்ட கருத்துகளுக்கு இடம் தரவும் வேண்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு கருத்துக்கும் நிமிடக் கணக்கில் சம நேரம் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. வேட்பாளர்களுக்கான சம வாய்ப்பு விதி 1934-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தில் உள்ள வேறொரு பிரிவு, அது இன்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத தொகுப்பாளரை நான் அபூர்வமாகவே கேட்டிருக்கிறேன்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய வழக்கு ரெட் லயன். பென்சில்வேனியா மாநிலத்தின் ரெட் லயன் என்ற சிற்றூரில் இருந்த ஒரு வானொலி நிலையம், 1964-இல் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற வலதுசாரி மதபோதகரின் பதினைந்து நிமிட உரையை ஒலிபரப்பியது. அதில் அவர், குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டரைக் கண்டித்துப் புத்தகம் எழுதிய ஃபிரெட் குக் என்ற பத்திரிகையாளரைக் கடுமையாகச் சாடினார். பதில் சொல்ல இலவச நேரம் கேட்டார் குக். காசு கொடுத்தால் தருகிறோம் என்றது நிலையம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969-இல் நீதிபதிகள் ஒருமனதாக ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். ஒலிபரப்பாளரின் உரிமையைவிடக் கேட்பவரின் உரிமையே மேலானது என்றது தீர்ப்பு. ஐந்தே ஆண்டுகளில், 1974-இல், இதேபோன்ற பதில் உரிமையைச் செய்தித்தாள்கள்மீது சுமத்திய ஃபுளோரிடா மாநிலச் சட்டத்தை அதே நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. அச்சுக்கு ஒரு நீதி, அலைக்கு ஒரு நீதி. அலைவரிசைப் பற்றாக்குறை என்ற ஒற்றைக் காலில் நின்ற கோட்பாடு, கேபிள் தொலைக்காட்சி வந்ததும் தள்ளாடத் தொடங்கியதில் வியப்பில்லை.

ரீகன் காலத்து ஆணையம் 1987 ஆகஸ்டில் அதைக் கைவிட்டது. அதற்குச் சற்று முன்பு அக்கோட்பாட்டைச் சட்டமாகவே ஆக்கிவிட நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்ற, அதை ரீகன் தம் மறுப்பதிகாரத்தால் நிறுத்தியிருந்தார். அவரே இளமையில் அயோவாவில் வானொலி விளையாட்டு வருணனையாளராக இருந்தவர்; அதிபராவதற்கு முன் எழுபதுகளில் நாள்தோறும் வானொலியில் அரசியல் உரை வழங்கியவர். கோட்பாடு போன மறு ஆண்டு லிம்பா நாடளாவிய ஒலிபரப்புக்கு வந்தார்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. "கோட்பாடு போனதால் பேச்சு வானொலி வந்தது" என்று இடதுசாரி நண்பர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அந்தக் கோட்பாடு அமலில் இருந்தபோதே ஜோ பைன், பாப் கிராண்ட் போன்றவர்கள் நேயர்களை வாய்க்கு வந்தபடி திட்டிப் பேசிப் புகழ் பெற்றிருந்தார்கள். அதே சமயம் கோட்பாடு வெறும் காகிதப்புலியும் அன்று: பென்சில்வேனியாவின் டபிள்யூஎக்ஸ்யூஆர் என்ற பழமைவாத நிலையம் அதன் பெயரால் உரிமத்தையே இழந்தது, அதை நடத்திய கார்ல் மெக்கின்டயர் என்ற போதகர் 1973-இல் நியூ ஜெர்சிக் கடற்கரைக்கு அப்பால் ஒரு கப்பலில் ஒலிபரப்பியை ஏற்றிச் சிறிது நேரம் பேசிப் பார்த்தார். நாளெல்லாம் ஒரே தரப்பைப் பேசும் நிலையத்தை நடத்துவது, கோட்பாடு இருந்தவரை வழக்கறிஞர் செலவுக்குப் பயந்தவர்களால் முடிகிற காரியமாக இருக்கவில்லை. 1987-க்குப் பிறகு முடிந்தது. அந்த அளவுக்குத்தான் காரண காரியம்.

எல்லாரும் எஃப்எம் கேட்கும் காலத்தில் இவர்கள் ஏன் இரைச்சல் மிகுந்த ஏஎம் அலைவரிசையில் இருக்கிறார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

எழுபதுகளின் இறுதிக்குள் இசை கேட்பவர்கள் எஃப்எம்முக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஏஎம் நிலையங்களிடம் மிஞ்சியது நல்ல உரிமமும், விற்காத நேரமும்தான். மனிதக் குரலுக்குத் துல்லியமான ஒலி தேவையில்லை. ஒரு ஒலிவாங்கியும் ஒரு தொலைபேசியும் போதும். லிம்பாவின் நிகழ்ச்சியைத் தொடக்கத்தில் நிலையங்கள் பணம் கொடுத்து வாங்கவில்லை. நிகழ்ச்சியைப் பெற்றுக்கொண்டு அதற்கு ஈடாக விளம்பர நிமிடங்களில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தன. செத்துக்கொண்டிருந்த சிற்றூர் நிலையத்துக்கு இதைவிட மலிவான உயிர்த்தண்ணீர் இல்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிறுவனம் நாடளவில் இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியதும், கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. ஒரே குரலை எல்லா ஊரிலும் ஒலிக்கவிடுவது அதன்பின் இன்னும் எளிதானது.

இரவில் ஏஎம் அலைகள் வானில் எதிரொலித்து நெடுந்தொலைவு போகும். சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூ நிலையத்தை, டென்னஸி மலைப்பாதையில் நள்ளிரவில் காரோட்டிக்கொண்டு, அலை தேய்வதும் திரும்புவதுமாகக் கேட்டிருக்கிறேன். பேசியவர் என்ன சொன்னார் என்பது நினைவில்லை.

தொலைபேசியில் அழைக்கிறவர்கள் உண்மையான நேயர்கள்தானா? எதிர்த்துப் பேசினால் விடுவார்களா? (வாசகர், திருச்சி)

உண்மையான நேயர்கள்தான், ஆனால் சல்லடையில் சலிக்கப்பட்டவர்கள். அழைப்பை முதலில் எடுப்பவர் தேர்வாளர். அவர் பெயர், ஊர், சொல்லப்போகும் கருத்து ஆகியவற்றைத் தட்டச்சு செய்ய, அது தொகுப்பாளரின் முன்னுள்ள திரையில் வரிசையாக நிற்கும். வரிசைப்படி எடுப்பதில்லை, சுவைப்படி எடுப்பார்கள். நல்ல தொகுப்பாளர் எதிர்ப்பாளரை விரும்பவே செய்வார், ஏனென்றால் சண்டை இருந்தால் காரை நிறுத்திய பிறகும் நேயர் இறங்க மாட்டார். யாரேனும் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால் வெட்டுவதற்காக ஒலிபரப்பு சில நொடிகள் தாமதமாகவே போகும்.

எனக்கு இது நேரில் தெரியும். ஒரு நாள் உள்ளூர்த் தொகுப்பாளர் ஒருவர், "நியாயக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றமே தூக்கி எறிந்துவிட்டது" என்று அடித்துச் சொன்னார். மேலே மதுரை மாணவருக்கு எழுதியிருக்கும் ரெட் லயன் வழக்கு எனக்கு அப்போதே மனப்பாடம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழைத்தேன். தேர்வாளராக இருந்த இளம்பெண், "உங்கள் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்றார், சொன்னேன். "காரில் வானொலியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் குரலே தாமதமாகத் திரும்ப வந்து உங்களைக் குழப்பும்" என்றார், அணைத்தேன். முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். முறை வந்தபோது, நீதிமன்றம் அதை ஆதரித்தது, பின்னாளில் ஆணையம்தான் கைவிட்டது என்று ஐம்பது நொடியில் சொல்லி முடித்தேன். "நீங்கள் வக்கீலா?" என்றார். "இல்லை, கணக்கர்" என்றேன். "அதுதான் கணக்கு சரியாக இருக்கிறது!" என்று வெடித்துச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, விளம்பரம் வந்தது, அழைப்பு துண்டிக்கப்பட்டது. அடுத்த மணி நேரத்தில் அதே தவறை அதே உறுதியுடன் மீண்டும் சொன்னார். ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் இந்தக் கலையின் சூட்சுமம்.

இவர்கள் ஏன் எப்போதும் நீதிமன்றங்களையும் நீதிபதிகளையும் பற்றியே பேசுகிறார்கள்? சாமானியருக்கு அதில் என்ன ஆர்வம்? (வாசகி, சேலம்)

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். கருக்கலைப்பு, பள்ளியில் பிரார்த்தனை, துப்பாக்கி, ஒருபால் திருமணம் என்று பழமைவாதிகளின் மனத்தை உறுத்திய பண்பாட்டுக் கேள்விகள் எல்லாம் தேர்தலில் தீராமல் நீதிமன்றத்தில் தீர்ந்தன. எனவே அவர்களுக்குச் சட்டமும் பண்பாடும் ஒரே பேச்சு. இன்னொரு காரணம், பேசுகிறவர்களில் பலர் சட்டம் படித்தவர்கள். லாரா இங்கிரம் உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸிடம் சட்ட உதவியாளராக இருந்தவர். மார்க் லெவின், ரீகனின் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸிடம் தலைமை உதவியாளராக இருந்தவர். அரசியல் சாசனத்தை அதை எழுதியவர்கள் கருதிய பொருளிலேயே படிக்க வேண்டும் என்ற வாதத்தை 1985-இல் வழக்கறிஞர் சங்க மேடையில் முழங்கியவர் அந்த மீஸ். (சட்டம் படிக்காத லிம்பாவுக்கும் இங்கே உறவு உண்டு: 1994-இல் அவருடைய மூன்றாம் திருமணத்தை நடத்திவைத்தவர் நீதிபதி தாமஸ்.) மீஸ் முழங்கிய அந்த வாதத்தின் பெயராக, வழக்கறிஞர்களின் வகுப்பறைச் சொல்லாக இருந்த "ஒரிஜினலிசம்" லாரி ஓட்டுநர் வாயில் புழங்கத் தொடங்கியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்திருந்தது ஹியூ ஹியூவிட் நடத்திய ஒரு பகுதி. சாப்மன் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த அவர், தாராளவாதியான எர்வின் செமரின்ஸ்கி, பழமைவாதியான ஜான் ஈஸ்ட்மன் என்ற இரு அரசியல் சாசனப் பேராசிரியர்களை அழைத்து அண்மைத் தீர்ப்புகளைப் பற்றி வாதிட வைப்பார். இருவரும் ஒருவரையொருவர் மரியாதையோடு கிழித்துப்போடுவார்கள். ஈஸ்ட்மன் பின்னாளில் 2020 தேர்தல் முடிவை எதிர்த்த டிரம்புக்குச் சட்ட ஆலோசகராகிப் பெரும் சிக்கலில் மாட்டிக்கொண்டார் என்பதை அறியும்போது, அந்தப் பழைய உரையாடல்களின் நிதானம் வேறொரு யுகத்தைச் சேர்ந்ததாகத் தோன்றுகிறது.

இந்தப் பேச்சின் வலிமை வெளிப்பட்ட ஒரு மாதம் 2005 அக்டோபர். அதிபர் புஷ், ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்திராத தம் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஹேரியட் மையர்ஸை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சியின் பேச்சாளர்களே கொதித்தார்கள். "நம் ஆளா என்று எப்படித் தெரியும்?" என்பது கேள்வி, இங்கிரம் எதிர்த்தார், ஹியூவிட் ஆதரித்தார், நேயர்கள் நாள்தோறும் மாறிமாறி அழைத்தார்கள். பத்திரிகைகளும் பழமைவாத வழக்கறிஞர்களும் சேர்ந்துகொள்ள, 24 நாள்களில் மையர்ஸ் விலகினார். அவருக்குப் பதிலாக வந்தவர் சாமுவேல் அலிட்டோ. கருக்கலைப்பு உரிமையை வழங்கிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 ஜூன் 24-இல் ரத்து செய்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அவரே. வானொலிதான் அந்தத் தீர்ப்பை எழுதியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் அந்த அக்டோபரில் காரில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, பதினேழு ஆண்டுகள் கழித்து அலிட்டோவின் பெயரைத் தீர்ப்பின் தலைப்பில் பார்த்தபோது அந்தப் பேச்சுகள் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

வெறும் பேச்சால் ஏதாவது மாறியிருக்கிறதா? (வாசகர், புதுச்சேரி)

மேலே சொன்னது போதாதென்றால் இன்னும் சில. 1989-இன் தொடக்கத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை 89,500 டாலரிலிருந்து 1,35,000 டாலராக, அதாவது ஏறத்தாழ 51 சதவீதம், உயர்த்தும் திட்டம் வந்தது. பாஸ்டனின் ஜெர்ரி வில்லியம்ஸ் உள்ளிட்ட வானொலிப் பேச்சாளர்கள், நுகர்வோர் உரிமைப் போராளியான ரால்ஃப் நேடருடன் கைகோத்து, பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சியை நினைவூட்டும் விதமாகத் தேயிலைப் பைகளைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். உறுப்பினர்களின் மேசைகளில் தேயிலைப் பைகள் குவிந்தன. பிப்ரவரியில் திட்டம் தோற்றது. வலதும் இடதும் ஒரே தேநீரில் கலந்த இந்த நிகழ்ச்சியை இருதரப்பாரும் இப்போது நினைவுகூர்வதில்லை என்பது சுவையான விஷயம்.

1994-இல் குடியரசுக் கட்சி 54 இடங்களைக் கூடுதலாக வென்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கீழவையைக் கைப்பற்றியபோது, புதிய உறுப்பினர்கள் லிம்பாவைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினராக்கினார்கள். 2007-இல் அதிபர் புஷ் ஆதரித்த குடியேற்றச் சீர்திருத்த மசோதாவுக்கு எதிராக வந்த அழைப்புகளால் செனட்டின் தொலைபேசிகள் திணறின. ஜூன் 28-இல் மசோதா வீழ்ந்தது. நாட்டைப் பேச்சு வானொலிதான் நடத்துகிறது என்று அந்தக் கட்சியின் செனட்டர் டிரென்ட் லாட்டே அலுத்துக்கொண்டார். 2014-இல் கீழவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கேன்டரை, அதிகம் அறியப்படாத ஒரு பொருளாதாரப் பேராசிரியர் உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தபோது அந்தப் பேராசிரியருக்காக மேடையேறியவர் இங்கிரம். ஒலிவாங்கியிலிருந்து ஆட்சிக்குப் போனவர்களும் உண்டு: துணை அதிபரான மைக் பென்ஸ் தொண்ணூறுகளில் இண்டியானாவில் வானொலிப் பேச்சாளர், தம்மை வீரியம் நீக்கிய காபி குடித்த லிம்பா என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கூர்ந்து பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை தடுத்த வெற்றிகள். ஒன்றைக் கட்டி எழுப்பியதைவிட, சொந்தக் கட்சியே கட்ட முனைந்ததை நிறுத்தியதில்தான் இவர்களுக்குக் கைராசி அதிகம்.

யாரைப் பற்றி வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா? அவதூறு வழக்கு கிடையாதா? (வாசகர், திண்டுக்கல்)

கருத்துக்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரம். பொதுவாழ்வில் உள்ளவர்களைப் பற்றிய பொய்யான தகவலுக்குக்கூட, அது பொய் என்று தெரிந்தே சொன்னார் அல்லது உண்மையைப் பற்றித் துளியும் கவலைப்படாமல் சொன்னார் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு கிடைக்கும் என்பது 1964-ஆம் ஆண்டின் சல்லிவன் வழக்குத் தீர்ப்பு. சாதாரணக் குடிமக்கள்மீது கை வைத்தால் கதை வேறு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டதை நாடகம் என்று ஆண்டுக்கணக்கில் பரப்பிய வானொலிப் பேச்சாளர் அலெக்ஸ் ஜோன்ஸுக்கு எதிராக, கனெக்டிகட் நடுவர் குழு 2022 அக்டோபரில் 96 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. பழமைவாதப் பேச்சாளர்களில் பலர் அவரைத் தங்கள் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. அது நியாயமான மறுப்பு என்றே நானும் கருதுகிறேன்.

ஆனால் நாள்தோறும் கடிவாளமாக இருப்பது நீதிமன்றமன்று, விளம்பரதாரர். 2012-இல் கருத்தடைச் செலவைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்று வாதிட்ட ஒரு சட்டக்கல்லூரி மாணவியை லிம்பா இழிசொற்களால் ஏசினார். விளம்பரதாரர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகத் தொடங்கிய பிறகே மன்னிப்புக் கேட்டார்.

இடதுசாரிகள் ஏன் இப்படி ஒரு வானொலியை நடத்தவில்லை? (வாசகர், வேலூர்)

நடத்திப் பார்த்தார்கள். ஏர் அமெரிக்கா 2004 மார்ச் 31-இல் தொடங்கி, 2010 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் முதன்மைப் பேச்சாளர் அல் ஃபிராங்கன் செனட்டரானதுதான் மிச்சம். தங்களுக்கென்று ஒரு குரல் இல்லை என்ற ஏக்கம் பழமைவாதிகளிடம் இருந்த அளவுக்கு மற்றவர்களிடம் இல்லை. அவர்களுக்குப் பொது வானொலியும் பெரும் நாளிதழ்களும் இருந்தன. தவிர, கோபத்தைச் சிரிப்போடு கலக்கும் கைப்பக்குவம் ஏர் அமெரிக்காவுக்குக் கடைசிவரை கூடிவரவில்லை. கோபம் மட்டும் தாராளமாக இருந்தது.

பதிலுக்கு நன்றி. கோடையில் மீண்டும் மகன் வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி எப்படிப் பேச்சைத் தொடங்குவது? (அதே ஈரோட்டு வாசகர்)

அவர் கேட்கும் கருத்துகள் சரியா தவறா என்று தொடங்காதீர்கள். ஏஎம் வானொலியிலிருந்து தொடங்கலாம். மின்சாரக் கார்களின் மோட்டார் ஏஎம் ஒலியைக் குலைப்பதால் சில நிறுவனங்கள் புதிய கார்களில் அந்த அலைவரிசையையே நீக்கத் தொடங்கின. 2023-இல் ஃபோர்டு நிறுவனமும் நீக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்புக்குப் பின் பின்வாங்கியது. எல்லாக் கார்களிலும் ஏஎம் இருக்க வேண்டும் என்ற மசோதாவில் தாராளவாதியான எட் மார்க்கியும் பழமைவாதியான டெட் குரூஸும் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். இதைப் பற்றி அவருக்கு நிச்சயம் ஒரு கருத்து இருக்கும்.

அதன்பிறகு, லிம்பா போனபின் அந்த நேரத்தில் யாரைக் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். மதிய உணவுக்குத் தாமதமாகும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது.